கரியா, கரிசலா?

சத்தியபாமாவிடம் கோவில்பட்டி வெயிலைத் திட்டலாம், தண்ணீர்த் தட்டுப்பாட்டைத் திட்டலாம், அவள் கணவன் பாண்டிராஜைக்கூடத் திட்டலாம். அவளும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டிவிட்டு டீ வாங்கித் தருவாள். ஆனால் இந்தக் கரிசல் மண்ணைப் பற்றி மட்டும் அவள் காதுபட யாரும் குறையாக ஒன்று சொல்லிவிடக் கூடாது. முகம் சுண்டிப்போகும். அன்றைக்கு முழுக்கச் சரியாகப் பேசமாட்டாள்.

கயத்தாற்றுக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் ஆட்டுக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா கண்ணுசாமிக்கு நிலம் கொஞ்சம், ஆடுகள் நிறைய. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குட்டிகளைப் பிடித்து அடைப்பது அவள் பொறுப்பு. அதையும் செய்தாள், படிக்கவும் செய்தாள். பாளையங்கோட்டையில் கல்லூரி, பிறகு சென்னையில் ஆராய்ச்சி என்று வருடங்கள் ஓடின. சென்னை அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நல்ல படிப்பைக் கொடுத்தது, தங்கசாமி சார் போன்ற தங்கமான பேராசிரியரைக் கொடுத்தது. ஆனாலும் உடம்பு அங்கேயும் மனசு இங்கேயுமாகத்தான் கிடந்தாள். ஊருக்கு வரும்போது பேருந்து ஜன்னலில் அந்தக் கறுப்பு நிலம் தெரிய ஆரம்பித்த பிறகுதான் சாப்பிட்ட சாப்பாடே செரிக்கும் என்று அவளே சொல்வாள்.

ஆகவே, ஆட்டுப்பால் ஆராய்ச்சிக்குக் கோவில்பட்டியில் ஒரு அறை பிடிக்கலாம் என்று தங்கசாமி சார் சொன்னபோது, அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் "நான் போறேன் சார்" என்றுவிட்டாள். கல்யாணம் ஆகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பாண்டிராஜ் கோவில்பட்டியில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். அதுவரை அவள் சென்னையில், அவன் இங்கே. லீவுக்கு லீவுதான் குடும்பம். அறை கிடைத்ததும் முதன்முறையாக இருவரும் ஒரே வீட்டில் தினமும் சோறு தின்றார்கள். அந்தச் சந்தோஷத்தை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

ஊரைத் தாண்டி, நாற்கரச் சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியின் பின்கட்டில் இருந்தது அந்த அறை. அங்கே என்னதான் வேலை என்று கேட்பவர்களுக்கு அவள் அலுக்காமல் சொல்வாள். நம் உடம்பானாலும் ஆட்டு உடம்பானாலும், செல்கள் ஓயாமல் பொடிப்பொடியான பைகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. புத்தகத்தில் அவற்றுக்குப் புறச்செல் நுண்பைகள் என்று பெயர். பாமா பொட்டலம் என்பாள். மடியில் இருக்கும் செல்லுக்கு ஒரு தொந்தரவு என்றால் அது அனுப்பும் பொட்டலத்தின் சரக்கு மாறிவிடும். மடி வீங்கி, பால் திரிந்து, ஆடு குட்டியை உதைத்துத் தள்ளுவதற்கு முன்பே அந்தப் பொட்டலம் பாலில் வந்துவிடும். அதைப் பிடித்தால் மடிநோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். சொல்வதற்கு இவ்வளவுதான். பிடிப்பதில்தான் பாடு. ஒரு பொட்டலம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

பிடிப்பதற்கு ஒரு சில்லு உண்டு. தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் ஒட்டிய சிலிக்கோன் பாளம், பாளத்துக்குள் முடியைவிட மெல்லிய வாய்க்கால்கள். ஒரு துளையில் பாலை விட்டால் முதல் தடுப்பில் கொழுப்பு நின்றுவிடும். மீதி வாய்க்காலில் ஓடும். வாய்க்கால் சுவரில் ஒரு புரதம் பூசியிருக்கும். நோய்ச் சரக்குள்ள பொட்டலங்கள் மட்டும் அதில் ஒட்டிக்கொள்ளும். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் ஒட்டியவை பச்சைப் புள்ளிகளாக மின்னும். சில்லுகளையும் அவளே வார்ப்பாள். சிலிக்கோனைக் கலக்கி, குமிழியை நீக்கி, அச்சில் ஊற்றி, சூட்டில் வைத்து எடுத்து, கத்தியால் துண்டு போடுவாள்.

"கடலைமிட்டாய் போடுத மாதிரிலா இருக்கு! இதுக்காட்டி அம்புட்டு வருசம் படிச்ச?" என்பான் பாண்டிராஜ்.

"ஆமா, ஒங்களுக்கு ஒரு துண்டு தரட்டா? கடிச்சுப் பாருங்க" என்பாள்.

பாலைப் பனிக்கட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்திருந்தார்கள். வழியில் குலுங்கியும் பனிக்கட்டி கரைந்தும், போய்ச் சேர்வதற்குள் பொட்டலங்கள் பாதி உடைந்துவிட்டன. ஆடு இருக்கும் இடத்திலேயே கருவி இருக்க வேண்டும் என்பதுதான் அந்த அறைக்கு இருந்த ஒரே நியாயம். அந்த நியாயத்தில்தான் ஆனி மாதம் இடி விழுந்தது.

கடம்பூர் தாண்டி ஒரு ஊரில், கொடியாடு வளர்க்கும் வீடுகளில் பால் வாங்க ஏற்பாடு. காலைப் பால் குட்டிகளுக்கு. மேய்ச்சலுக்குப் போன ஆடுகள் பொழுது சாயத் திரும்பி வந்ததும் கறந்து கொடுப்பார்கள். பாமா ஸ்கூட்டரில் போய், குளிர்ப்பெட்டியில் வாங்கிவந்து, மறுநாள் காலை சில்லில் விடுவாள். விட்ட கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் அடைத்துக்கொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தால் வாசலிலேயே கறுப்புத் துகள் குவிந்து கிடக்கும். ஒரு சில்லா, இரண்டு சில்லா, வார்த்ததெல்லாம் வீண்.

"கறுப்புத் துகள்னா கரிசல் தூசிதான் பாமா. அந்த ஊர்க் காத்து அப்படி" என்றார் தங்கசாமி சார் போனில். கோபமாகச் சொல்லவில்லை, அவருக்குக் கோபப்படவே வராது. "நம்ம கருவி ரொம்ப நுட்பமானது. ஊர் ரொம்பத் தூசியானது. ரெண்டுக்கும் ஒத்துவரலைன்னா என்ன பண்றது? ஆடி முடியட்டும். சரியாகலைன்னா அறையைக் காலி பண்ணிட்டு இங்கேயே வந்துடு. சென்னைப் பக்கத்துப் பண்ணைகள்ல பால் வாங்கிக்கலாம்."

கடையைத் தூக்கிக்கொண்டு பாண்டிராஜ் சென்னைக்கு வர முடியாது. மறுபடியும் அவள் அங்கே, அவன் இங்கே. அதைவிட, தன் மண்ணே தன் காலை வாருகிறதே என்பதுதான் பாமாவுக்குத் தாங்கவில்லை.

போர் தொடங்கினாள். ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் போட்டு அடைத்தாள். வாசலில் ஈரச் சாக்கு விரித்தாள். செருப்பு வெளியே, கால் கழுவித்தான் உள்ளே. பாட்டில்களை வெந்நீரில் கழுவி, மூடி, மூடிமேல் மூடி போட்டாள். மதியச் சோற்றுத் தூக்கு கொண்டுவந்த பாண்டிராஜையே வாசலில் நிறுத்திச் சட்டையை உதறச் சொன்னாள்.

"என் வாயிலயும் ஒரு டேப்பு ஒட்டிரு. மூச்சுல தூசி வந்துரப்போவுது" என்றான் அவன்.

"ஒட்டத்தான் போறேன்" என்றாள் அவள், சிரிக்காமல்.

ஆடிக் காற்றும் வந்தது. உழுது போட்ட காடுகளிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்து ஊர்மேல் கொட்டியது. ஆனால் ஒரு வேடிக்கை. சும்மா தண்ணீரைச் சில்லில் விட்டால் அடைக்கவே இல்லை. அறையில் தூசி இல்லை, பாலில்தான் இருக்கிறது. அவள் முன்னாலேயே கறந்து, அவள் கையிலேயே வாங்கி மூடிய பாலில் தூசி எப்படி வரும்?

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் மத்தியானம் அடைத்த சில்லு ஒன்றை உரித்து, அந்தத் துகளை எடுத்து நுண்ணோக்கியில் பெரிதாக்கிப் பார்த்தாள். வெளியே போய்க் காலடி மண்ணில் ஒரு சிட்டிகை அள்ளிவந்து, நனைத்து, அதையும் பக்கத்தில் வைத்தாள். கரிசல் நனைந்ததும் உப்பிக் களியாகிவிட்டது; உருவமே இல்லை. துகள் அப்படி இல்லை. வரிசை வரிசையாகச் சின்னத் துளைகள். செடியின் தண்டை நறுக்கி வைத்துக் கல்லூரியில் பார்த்த அதே துளைகள். இது மண் இல்லை. எரிந்த மரம். கரி.

பாமா அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். கடம்பூர்ப் பக்கம் தினமும் பால் கறந்து கொடுக்கும் சங்கரம்மாள் கண்முன் வந்தாள். விளக்கு ஏற்றி, ஆட்டைக் கறந்து, சொம்பைக் கையில் எடுத்ததும் சங்கரம்மாளின் இன்னொரு கை தன்பாட்டுக்கு அடுப்புக்குப் போகும். ஒரு கரித்துண்டை எடுத்துப் பாலில் போடும். பாட்டிலில் ஊற்றும்போது விரலை அணை கொடுத்துத் துண்டைச் சொம்பிலேயே நிறுத்திக்கொள்ளும். பொழுது அடைந்த பிறகு வாசலைத் தாண்டும் பாலுக்குக் கரி போட்டுத்தான் கொடுப்பார்கள். கண் படாது, காத்துக் கருப்பு அண்டாது. எல்லா வீட்டிலும் அப்படித்தான். பாமாவின் அம்மாவும் அப்படித்தான். தினமும் எதிரே நின்று பார்த்தாள். கண்ணைச் சிமிட்டுவதை யார் கவனிக்கிறார்கள்? அதைப்போல அதையும் கவனிக்கவில்லை.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தூக்கை எடுக்க வந்த பாண்டிராஜ், டேப் ஒட்டிய அறைக்குள் மனைவி தனியாக விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்து அரண்டுபோனான். "மண்ணு இல்லங்க, மண்ணு இல்ல!" என்றாள் அவள். கரி என்று சொன்னதும் அவனும் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தான்.

சாரிடம் மட்டும் "துகள் பிரச்சினை தீர்ந்துடும் சார்" என்று சொன்னாளே தவிர, என்ன துகள் என்று சொல்லவில்லை. சென்னையில் நாலு பேர் இருக்கும் அறையில் சங்கரம்மாளின் கரித்துண்டைப் பற்றிப் பேச்சு வரும், சிரிப்பு வரும். சிரிக்கிற உரிமை தனக்கு உண்டு, அவர்களுக்கு இல்லை என்று நினைத்தாள். அதனால் சார் பட்டும்படாமல் "பார்க்கலாம்" என்றார்.

அன்று சாயங்காலமே சங்கரம்மாள் வீட்டில் போய் நின்றாள்.

"அத்தே, இனிமே பாலுக்குள்ள கரி போடாண்டாம். என் கண்ணாடிய அடைச்சிருது."

சங்கரம்மாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். "என்னட்டி சொல்லுத? வெளக்கு வச்ச பெறவு வாசல் தாண்டுத பாலு. ரெட்டக் குட்டி போட்ட ஆடு அது. எவ கண்ணாவது பட்டா மடி வீங்கிரும்லா?"

அந்த ஆடு செம்போரை. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டு, உயரமான கால்கள், நிமிர்ந்த நடை. சங்கரம்மாளின் தொழுவத்துக்கே அதுதான் ராணி. பாமா தேடுவதும் மடி வீக்கம், சங்கரம்மாள் பயப்படுவதும் மடி வீக்கம். இவள் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அவள் காவலை எடுக்க வேண்டும். எப்படிக் கேட்பது?

"அத்தே, கரி பாலோட போனாச் சரிதான? உள்ளயே கெடக்கணுமா? பேப்பர்ல மடிச்சுப் பாட்டிலுக்குப் பக்கத்துல வைங்க. பெட்டிக்குள்ள ரெண்டும் ஒண்ணாத்தான் போவும்."

சங்கரம்மாள் ரொம்ப நேரம் யோசித்தாள். கடைசியில் ஒரு பெரிய கரியாகப் பார்த்து எடுத்து மடித்துக் கொடுத்தாள். "எதாவது ஒண்ணுன்னா நீதான் பொறுப்பு, ஆமா" என்றாள்.

மறுநாள் காலை பால் வாய்க்காலில் தடங்கல் இல்லாமல் ஓடியது. பாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். வாய்க்கால் நெடுகப் பச்சைப் புள்ளிகள். இவ்வளவு தெளிவாக ஒரு தடவைகூட வந்ததில்லை. கருவி வேலை செய்கிறது என்று துள்ளியவள், மறு நொடியே பாட்டில் மேல் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தாள். செம்போரை. இன்னொரு சில்லில் விட்டுப் பார்த்தாள். அதே பச்சை.

கடைக்குப் போய்ப் பாண்டிராஜ் முன்னால் உட்கார்ந்தாள். அவன் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"சொல்லாம இருந்தா?"

"மடி போயிரும்."

"சொன்னா?"

"கரி போடாததாலதான் வந்துச்சும்பாங்க. ஊர்ல ஒருத்தரும் பாலு தரமாட்டாங்க. என் அறை போயிரும்."

"பெறவு என்ன செய்யப்போற?"

"வண்டிய எடுங்க. டாக்டரக் கூட்டிட்டுப் போவோம்" என்றாள். சொன்ன பிறகுதான், இதைத் தவிர வேறு ஒன்றையும் தான் யோசிக்கவே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

கால்நடை மருத்துவர் தட்டில் பாலைப் பீய்ச்சி, மருந்து கலந்து சுழற்றினார். ஒரு காம்புப் பால் தண்ணீர்போல ஓடியது. இன்னொரு காம்புப் பால் கொழகொழவென்று திரண்டது. வெளியே வீக்கம் இல்லை, சூடுகூட இல்லை. "நல்ல நேரத்துல பார்த்தீங்க" என்று சொல்லி மருந்து ஏற்றினார். அந்தப் பக்கத்துப் பாலைக் குட்டிக்கு விடவேண்டாம் என்றார்.

சங்கரம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "சொன்னேம்லா? படிச்சு படிச்சு சொன்னேம்லா? என்னிக்கும் இல்லாம ஒருநா கரி போடாம குடுத்தேன். ஒரே நாள்ல வந்துட்டு பாத்தியா!"

என்ன சொன்னாலும் அன்றைக்கு எடுபடாது. ஊர் முழுக்கப் பேச்சுப் பரவியது. அடுத்த நாள் அவள் போனபோது ஒரு வீட்டில் ஆடு கறக்கவில்லை என்றார்கள், ஒரு வீட்டில் குட்டி குடித்துவிட்டது என்றார்கள். காலிப் பெட்டியோடு திரும்பினாள். அதற்கடுத்த நாட்களும் அப்படித்தான். ஒரே ஒரு ஆட்டின் பச்சையை மட்டும் வைத்துச் சாரிடம் பேச அவளுக்கு மனம் வரவில்லை.

வாங்கும் ஒவ்வொரு பாலிலும் கொஞ்சத்தை உறைய வைப்பது ஆய்வுக்கூட வழக்கம். கையில் வேலை இல்லாத அந்த நாட்களில், செம்போரையின் பழைய பாலை எடுத்தாள். கரி போட்டு வந்து சில்லை அடைத்த பால். சுழற்றிக் கரியைப் படியவிட்டு, மேலாகத் தெளிந்ததைச் சில்லில் விட்டாள். கரி பாதிப் பொட்டலத்தை உறிஞ்சியிருக்கும். அப்படியும் பச்சை தெரிந்தது. குறைவாக, ஆனால் சந்தேகமில்லாமல்.

நேரே போய்ச் சங்கரம்மாளிடம் சொன்னாள். மருந்து ஏற்றியதால் மேய்ச்சலுக்கு விடாத செம்போரை பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது; மடி மெத்தென்று இருந்தது.

"நீ சொன்னா நம்பிரணுமா? காட்டு" என்றாள் சங்கரம்மாள். சொன்ன கையோடு சேலையை உதறிச் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள்.

அறை வாசலில் அவளே கால் கழுவினாள். கணினித் திரையில் பச்சைப் புள்ளிகளை உற்றுப் பார்த்தாள்.

"இது எந்தப் பாலு?"

"செம்போரை பாலுதான் அத்தே. ஆனி மாசம் நீங்க கரி போட்டுக் குடுத்தது. இந்தப் பச்சைதான் சீக்கு."

"கரி போட்டது?"

"ஆமா அத்தே."

சங்கரம்மாள் திரைக்கு இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், சார் கூப்பிடும் நேரம். போன் அடித்தது. கையில் உறை இருந்ததால் பாமா முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"இந்த வாரம் ஒரு பால்கூட வரலையே பாமா" என்றார் தங்கசாமி சார். "நீ எவ்வளவு கஷ்டப்படுறேன்னு எனக்குத் தெரியும். மண்ணோட சண்டை போட முடியாதும்மா. மாசக் கடைசியில அறையைக் கொடுத்துடலாம். நீ இங்கே வந்துடு."

பாமா பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சங்கரம்மாள் போன் பக்கம் குனிந்துவிட்டாள்.

"அய்யா, நா சங்கரம்மா பேசுதேன், ஆட்டுக்காரி. எங்க மண்ணக் குத்தம் சொல்லாதீங்க. அது மண்ணு இல்ல, கரி. போட்டது நாந்தான். இந்தப் புள்ள எங்க மானம் போயிரக் கூடாதுன்னு ஒங்ககிட்ட சொல்லல போலுக்கு. நா சொல்லுதேன். என் ஆட்டுக்குச் சீக்கு வந்தது கரிக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இவ கண்ணாடிக்குத்தான் தெரிஞ்சுது. இவளக் கூப்பிட்டுக்கிட்டீங்கன்னா எங்க ஆட்ட யாரு பாப்பா?"

சார் மெதுவாகக் கேட்டார்: "இனிமே பால்ல கரி போடமாட்டீங்களாம்மா?"

"பாலுக்குள்ள போடமாட்டேன். பக்கத்துல வைப்பேன். அத நா விடமாட்டேன், பாத்துக்கோங்க. மத்த வீட்லயும் சொல்லி வாங்கித் தாரேன்."

சார் சிரித்தார். பாமா அவரிடம் கேட்டே இராத, வயிறு குலுங்கும் சிரிப்பு. ஆனால் அதில் கேலி இல்லை. "சரி பாமா, அறை அங்கேயே இருக்கட்டும். நீயும் அங்கேயே இரு" என்றார்.

போன் நின்றது. உறை போட்ட கையால் முகத்தைத் தொடமுடியாமல் பாமா அப்படியே நின்று அழுதாள். சங்கரம்மாள் பதறிப்போனாள். சார் 'அங்கேயே இரு' என்றது எந்த 'அங்கே' என்று அவளுக்குப் பிடிபடவில்லை போல.

"ஏட்டி, என்னட்டி? நா பேசிக் கெடுத்துட்டனா? வேலை போயிட்டா?"

"இல்ல அத்தே. இங்கனயே இருக்கச் சொல்லிட்டாவ."

"பெறவு என்னத்துக்கு அழுத?" என்றாள் சங்கரம்மாள், தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு. "கெளம்பு, கெளம்பு. ஆடு வந்துரும்."